உறுமல்காரன் புவனேந்திரனுக்குச் சாமி வந்த கதை

"வணக்கம். ஊவா மாகாணத்தின் தலைசிறந்த தமிழ் ஹெவி மெட்டல் பாடகன் பேசுறேன். வேற ஆள் இல்லாததால இந்தப் பட்டம் எனக்கே கெடச்சிருக்கு."

தன் பொட்காஸ்டின் ஒவ்வொரு பகுதியையும் புவனேந்திரன் இப்படித்தான் தொடங்குவான். அதில் பொய் இல்லை. பதுளை, பண்டாரவளை, வெலிமடை என்று சல்லடை போட்டுத் தேடினாலும் அந்தத் தொழிலில் இன்னொருவன் அகப்படமாட்டான். ஏன் அகப்படமாட்டான் என்பது, பதின்மூன்று வருடம் அதில் கிடந்து புரண்ட பிறகு புவனேந்திரனுக்கே விளங்கியிருந்தது.

அவன் பிறந்தது பசறைக்கு மேலே, வெள்ளக்கல்லுத் தேயிலைத் தோட்டத்து மூன்றாம் லயத்து வரிசை வீடுகளில் ஒன்றில். அப்பா கவ்வாத்துக்காரர். வயதேறிய தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டி, மறுபடி துளிர்க்கவிடுகிற வேலை. அம்மா கொழுந்து பறித்தார். வீட்டில் யாருக்கும் சங்கீத வாசனை கிடையாது, இவனுக்கும் கிடையாது. பதினாறு வயதில் பசறையில் ஒரு மெமரி கார்ட் வாங்கினான். சினிமாப் பாட்டு இருநூறு ஏற்றித் தருகிறேன் என்ற கடைக்காரன் எதைத் தொட்டு எதை ஏற்றினானோ, கார்ட் முழுக்க யாரோ வெள்ளைக்காரர்கள் அடித்தொண்டையில் கத்திக்கொண்டிருந்தார்கள். பதுளைக்குப் போகிற பஸ்ஸில் காதில் மாட்டிக் கேட்டான். பாதி வழியில் வாந்தி எடுத்தான். அது ரோட்டு வளைவால் வந்ததா பாட்டால் வந்ததா என்கிற வழக்கு இன்னும் தீரவில்லை. ஆனால் வாயைக் கழுவிக்கொண்டு அதே பாட்டை மறுபடி போட்டான் பாருங்கள், அன்றைக்குப் பிடித்தது சனி.

மெட்டல்காரனின் உறுமல் லேசுப்பட்ட வேலை இல்லை. தொண்டையால் கத்தினால் இரண்டே நாளில் குரல் போய்விடும். அடிவயிற்றிலிருந்து காற்றை ஏற்றிப் பழக வேண்டும். லயத்தில் பழகினால் சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டார், "பையனுக்கு முள்ளு சிக்கிருச்சு" என்று சோற்றுருண்டையோடு ஓடிவந்தார்கள். மூன்று உருண்டை விழுங்கிய பிறகு, ஒன்பதாம் நம்பர் மலையில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்ப் பழகத் தொடங்கினான். அவன் அங்கே போனதிலிருந்து அந்த மலைக்குக் காட்டுப்பன்றி வருவதில்லை என்று அப்பா சொல்வார். மகனின் கலையைப் பற்றி அவர் சொன்ன நல்ல வார்த்தை அது ஒன்றுதான்.

பதுளையில் டியூஷன் போன காலத்தில் சிநேகமானவன் ஷிபான். அவனுக்கு ட்ரம்ஸ் வாசிக்க வரும், அல்லது வரும் என்று அவன் சொன்னான். அவனுடைய வாப்பாவின் செல்போன் கடைப் பின்னறையில் 2012இல் குழு பிறந்தது. பெயர் 'கவ்வாத்து'. கொழும்பில் ஒரு நிகழ்ச்சி கிடைத்தது. ரசிகர்கள் பதினொரு பேர். அதில் நாலு பேர் அடுத்து வாசிக்கக் காத்திருந்தவர்கள், ஒருவர் இவர்களை ஏற்றிவந்த வான் டிரைவர். பிறகு பண்டாரவளைப் பக்கம் ஒரு மண்டபத்தில், இரண்டாவது பாட்டிலேயே பெரியவர்கள் சுவிட்சை அமர்த்திவிட்டார்கள். புவனேந்திரன் அதை மின்வெட்டு என்று நினைத்து, மூன்றாவது பாட்டை மின்சாரம் இல்லாமலே உறுமி முடித்துவிட்டுத்தான் இறங்கினான்.

அவனுடைய வாழ்க்கையிலேயே பெரிய கூட்டத்தின் முன்னால் அவன் பாடியது 2017இல், சொந்தத் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில்.

அன்றைக்குக் கரகம் கிளம்பும் நேரத்தில், பசறையிலிருந்து வரவேண்டிய லவுட்ஸ்பீக்கர்காரன் கையை விரித்துவிட்டான். கோயில் தலைவர் வீரசிங்கம் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மூன்றாம் லயத்துக்கு ஓடிவந்தார்.

"தம்பி புவனு, ஒன் ஸ்பீக்கர்ப் பெட்டியக் கொண்டாப்பா. வந்து அம்மன் பாட்டு ஒண்ணு பாடிரு, ஒனக்குப் புண்ணியமாப் போகும்."

காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்தில் உச்சிவெயில். முந்நூறு பேர் நின்றார்கள். புவனேந்திரன் அம்மன் பாட்டை மரியாதையாகத்தான் தொடங்கினான். தப்பு மேளம் அடிக்கிறவர்கள் வேகத்தைக் கூட்டினார்கள். அந்த அடி இருக்கிறதே, அது ஷிபான் ஐந்து வருடமாக முட்டிமோதியும் கைக்கு வராத அடி. புவனேந்திரனுக்குப் புத்தி பேதலித்துப் போனது. கிட்டாரை மாட்டினான். கொண்டையை அவிழ்த்தான். அப்போது அவனுக்கு இடுப்புவரை முடி. அதை விரித்துப் போட்டுச் சுழற்றினான், கண்ணை மூடிக்கொண்டு அடிவயிற்றிலிருந்து உறுமினான். உலகம் முழுக்க மெட்டல்காரர்கள் செய்வது இதைத்தான். வெள்ளக்கல்லுத் தோட்டத்தாரும் தலையை விரித்து ஆடி உறுமுகிறவர்களைப் பரம்பரையாகப் பார்த்தவர்கள்தான். அவர்கள் அதற்கு மெட்டல் என்று பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

"சாமி வந்திருச்சு," என்றாள் ஒருத்தி. குலவை எழும்பியது. அவன் கண்ணைத் திறப்பதற்குள் தலையில் ஒரு குடம் மஞ்சள் தண்ணீர் விழுந்தது. கை கிட்டார் கம்பியில், பக்கத்தில் அம்ப்ளிபயர் நனைகிறது. கரண்ட் உள்ளங்கையில் ஏறி உச்சந்தலை வரைக்கும் போய்த் திரும்பியது. அதற்குப் பிறகு அவன் ஆடிய ஆட்டத்துக்கு அவன் பொறுப்பில்லை. யாருடைய காலோ வயரில் தடுக்கி பிளக் கழன்று விழுந்ததால் உயிர் பிழைத்தான். பேச வாயைத் திறந்தவனுடைய வாயில் எலுமிச்சம்பழத்தைத் திணித்தார்கள்.

சாமி வந்தவரிடம் குறி கேட்பது வழக்கம். இரண்டாம் லயத்து வேலாயி, தன் மருமகள் சந்திரகாந்தியை இழுத்துவந்து முன்னால் நிறுத்தினாள். சந்திரகாந்தியின் மகளுக்கு அப்போதுதான் ஐந்து வயது முடிந்திருந்தது. அதைவிடச் சின்னப் பிள்ளை வீட்டில் இருந்தால் தாயை அரசாங்கம் வெளிநாட்டுக்கு விடாது. விரலை விட்டு எண்ணிக்கொண்டிருந்த, வெளிநாட்டு வேலைக்கு ஆள் பிடிக்கிற ஏஜென்ட், ஐந்து முடிந்த மறு மாதமே வந்துவிட்டான். சவூதியில் வீட்டு வேலை. பாஸ்போட் தயார். புருஷன் சுரேஸ் சம்மதித்துவிட்டான்.

"சாமி, இவ சவூதிக்குப் போனா காரியம் ஜெயமாகுமா?" என்றாள் வேலாயி.

புவனேந்திரனின் காதுக்குள் மஞ்சள் தண்ணீர் குடைந்தது. தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக உதறினான்.

"வேணாங்குது," என்றார் வீரசிங்கம்.

வேலாயிக்குத் திருப்தியில்லை. இன்னொருமுறை கேட்டாள். இன்னொரு குடம் விழுந்தது. அவன் இன்னும் பலமாக உதறினான். மூன்றாம் முறையும் அதே கதை. மூன்று தடவை மறுத்த தெய்வத்தை மீறுகிற துணிச்சல் வேலாயிக்கு ஏது. பாஸ்போட் தகரப்பெட்டிக்குள் போனது. புவனேந்திரன் மூன்று நாள் காய்ச்சலில் கிடந்துவிட்டு, நாலாம் நாள் கருகிப்போன அம்ப்ளிபயரை மடியில் வைத்துக்கொண்டு பதுளை பஸ் ஏறினான்.

கழுதை கெட்டால் குட்டிச்சுவர். 'கவ்வாத்து' கலைந்தது. பேஸ் கிட்டார்காரன் கட்டாருக்குப் போனான், ட்ரம்ஸை ஷிபான் விற்றான், புவனேந்திரனின் தலைமயிர் தானாகவே போனது. ஷிபானின் கடையில் செல்போன் திருத்த உட்கார்ந்தவன், கொரோனாவில் கடை பூட்டிக் கிடந்த காலத்தில் பொட்காஸ்ட் தொடங்கினான். 'கவ்வாத்துக் கத்தி' என்று பெயர். கேட்டவர்கள் முப்பத்தேழு பேர், அதில் பாதி ஷிபானின் சொந்தக்காரர்கள். தன் தோல்விகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தானே நறுக்கிப் போடுவதுதான் நிகழ்ச்சி. தன்னைத்தானே வெட்டுவதில் அவனுக்கு அப்பாவின் கைவாகு இருந்தது. நடுநடுவே, சாமி பூதம் என்று பயப்படுகிறவர்களுக்கு இரண்டு குத்து. கறுப்பு பனியன் போட்ட மெட்டல்காரனுக்கு அது கடமை.

2025இல் முப்பத்தோராம் பகுதியாக மாரியம்மன் திருவிழாக் கதையைச் சொன்னான். கரண்ட் அடித்தது, எலுமிச்சம்பழம், காதில் தண்ணீர், மூன்று உதறல், எல்லாவற்றையும் குரல் மாற்றி நடித்தே காட்டினான். ஷிபான் சிரித்த சிரிப்பும் அதில் பதிவானது. ஒரே வாரத்தில் அது கனடா வரைக்கும் போய்விட்டது. முப்பத்தேழு பேர் ஐம்பதினாயிரம் பேரானார்கள். சென்னையிலிருந்து ஒரு மெட்டல் கூட்டத்தார் அழைத்தார்கள். தை மாதம் வாருங்கள், மேடையில் இந்தக் கதையைச் சொல்லி நாலு பாட்டும் பாடுங்கள் என்றார்கள். ஒருவர் தானாக அழைத்து அவனை மெட்டல் பாடச் சொன்னது பதின்மூன்று வருடத்தில் அதுதான் முதல் தடவை. சந்தோஷத்தில் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. தைக்குள் முடி வளருமா என்று சலூன்காரரிடம் கேட்டுவைத்தான்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். தவளைக்காவது மைக் கிடையாது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குக் கடைக்கு ஒரு பெண் வந்தாள். போனைத் திருத்தக் கொடுக்கவில்லை.

"அண்ணே, நான் சந்திரகாந்தி. வெள்ளக்கல்லு, ரெண்டாம் லயம்."

புவனேந்திரன் எழும்பிய வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. "வாங்க தங்கச்சி, உக்காருங்க. அந்தக் கதையில நான் பேரு ஒண்ணும் சொல்லலயே."

"தோட்டத்துல எத்தன பேருக்குண்ணே மூணு தடவ சாமி வேணாம்னு சொல்லிச்சு?"

அவள் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னாள். சுரேஸ் அந்தப் பகுதியை வீட்டில் சத்தமாகப் போட்டிருக்கிறான். வேலாயி இரண்டு தரம் கேட்டிருக்கிறாள். காதில் தண்ணீர் போனதற்கா எட்டு வருடம் பாழாய்ப் போனது, இந்நேரம் ஒரு வீடு கட்டியிருக்கலாமே என்று நெஞ்சில் அடித்துக்கொண்டிருக்கிறாள். மறுநாளே ஏஜென்ட் வந்துவிட்டான். அடுத்த புதன்கிழமை கொழும்பில் மெடிக்கல்.

"என்ன மன்னிச்சிருங்க தங்கச்சி," என்றான் புவனேந்திரன். "நீங்க அத நம்பி எட்டு வருஷம்..."

"நான் எங்கண்ணே நம்புனேன்?"

சாய்ந்து கிடந்த நாற்காலியை அவன் தூக்கி நிமிர்த்தினான்.

"ஒம்பதாம் நம்பர் மலையில கொழுந்து எடுத்தவ நான். தொட்டிக்குப் பின்னால நீங்க தெனம் கத்துறதக் கேட்டுக்கேட்டு எனக்குப் புளிச்சுப்போச்சு. சாமியா நீங்களான்னு எனக்குத் தெரியாதா? மொதல் தடவ நீங்க தலைய ஒதறுனதப் பாத்தேன். குறி இவளுக்குத்தானே, இவளே ஊத்தட்டும்னு குடத்த எங்கையில குடுத்தாங்க. ரெண்டாவது தடவயும் மூணாவது தடவயும் காதப் பாத்துத்தான் ஊத்துனேன்."

ஷிபானின் கையிலிருந்த ஸ்குரூ டிரைவர் கீழே விழுந்தது.

"எங்கம்மா குவைத்துக்குப் போறப்ப எனக்கு ஆறு வயசு," என்றாள் சந்திரகாந்தி. "வந்தப்ப பதினாலு. வாசல்ல நிக்கிறவங்களப் பாத்து யாரு வேணும்னு கேட்டேன். அம்மா அப்பிடியே படியில உக்காந்துட்டாங்க. எம் மகளுக்கு இப்ப பதின்மூணுண்ணே. நான் போமாட்டேன்னு சொன்னா அந்த வீட்டுல யாரு காதுல ஏறும்? சாமி சொன்னா ஏறும். அந்தப் பொய்க்குள்ளதான் நான் இத்தன வருஷம் குடியிருந்தேன். நீங்க ஒங்களக் கேலி பண்றேன்னு எங்கூட்டுக் கூரையப் பிரிச்சிட்டீங்க."

புவனேந்திரனுக்கு முகம் சுண்டிப்போனது. "இப்பவே அத அழிச்சிர்றேன்," என்றான்.

"கேட்டவங்க காதுல இருந்து எப்பிடி அழிப்பீங்க? சாமி வந்தது நெசம்னு சொல்லுங்க."

மகளுக்குப் பள்ளிக்கூடச் சப்பாத்து வாங்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்ததால், சப்பாத்தும் வாங்க வேண்டும், பதினொன்றரை பஸ்ஸையும் பிடிக்க வேண்டும் என்று அவள் எழுந்து போய்விட்டாள்.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி போல் புவனேந்திரன் உட்கார்ந்திருந்தான். அன்று முழுக்க ஒரு போனையும் அவன் திருத்தவில்லை. திருத்தியிருந்தாலும் அது வேலை செய்திருக்காது.

"சொல்லிரு மச்சான்," என்றான் ஷிபான். "ஒனக்கு என்ன போகுது?"

என்ன போகும் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. தன்னைக் கேலி செய்ய அஞ்சாதவன் என்று அவனுக்கு ஒரு கர்வம் இருந்தது. வழுக்கையைக் கேலி செய்தான், குரலைக் கேலி செய்தான், வந்த பதினொரு ரசிகர்களைக் கேலி செய்தான். அதெல்லாம் ஏற்கெனவே போன சாமான்கள். கேலிக்கு எடுக்காமல் பத்திரமாக ஒளித்துவைத்திருந்த புவனேந்திரன் ஒருவன் உள்ளே இருந்தான். சாமிக்குப் பயப்படாத, தோட்டத்துச் சனங்களைவிட விவரம் தெரிந்த புவனேந்திரன். அவனைத்தான் சந்திரகாந்தி இப்போது முழங்கால் உயரத்துக்கு வெட்டச் சொல்கிறாள். சென்னைக்காரர்கள் கூப்பிட்டிருப்பதும் அவனைத்தான்.

வியாழக்கிழமை மத்தியானம், கடையைப் பூட்டிவிட்டுப் பின்னறையில் பதிவு செய்தார்கள். புவனேந்திரன் வழக்கமான பட்டத்தைச் சொல்லவில்லை.

"போன தடவ நான் சொன்னது பொய்," என்றான். "ஒங்கள சிரிக்க வைக்கிறதுக்காக, காதுல தண்ணி போச்சுன்னு சொன்னேன். மஞ்சத்தண்ணி விழுந்ததுக்குப் பொறகு நடந்தது ஒண்ணுமே எனக்கு ஞாபகமில்ல. யாரு என்ன கேட்டாங்கன்னு தெரியாது, நான் என்ன சொன்னேன்னு தெரியாது. முழிச்சப்ப வாயில எலுமிச்சம்பழம் இருந்துச்சு. மூணு நாள் காய்ச்சல். அன்னைக்கு அங்க ஆடுனது நான் இல்ல. அத மறைச்சதுக்கும் கேலி பண்ணுனதுக்கும் அம்மன்கிட்ட மன்னிப்புக் கேக்குறேன்."

கடைசி வரியில் அவனுடைய குரல் தானாகவே நடுங்கிவிட்டது. வெட்கத்தால் நடுங்கியது. கேட்பவர்கள் பக்தி என்று எடுத்துக்கொள்வார்கள் என்று தெரிந்து இன்னும் வெட்கப்பட்டான்.

"எனக்கு இதுல பாவம் வருமாடா?" என்று ஷிபான் மெதுவாகக் கேட்டான்.

"பட்டன அமுக்கு," என்றான் புவனேந்திரன்.

வெள்ளிக்கிழமை காலைக்குள் ஐம்பதினாயிரம் பேரும் அவனைக் காறித் துப்பிவிட்டார்கள். போலிச் சாமியார் என்றார்கள், அடுத்து ஆசிரமமா என்றார்கள். கறுப்பு பனியனைக் கழற்றிவிட்டுக் காவியைக் கட்டு என்று ஒருவர் கனடாவிலிருந்து எழுதினார். அதை எழுதியிருக்காவிட்டால் புவனேந்திரனே எழுதியிருப்பான், அவ்வளவு நன்றாக இருந்தது. சென்னைக்காரர்கள் மரியாதையாக இரண்டு வரி அனுப்பினார்கள். நிகழ்ச்சியில் சில மாற்றங்களாம், பிறகு தொடர்பு கொள்கிறார்களாம். அந்த 'பிறகு' எப்போது வரும் என்று அவனுக்குத் தெரியும். அந்த இரண்டு வரியையும் நாலைந்து தடவை படித்தான். பிறகு ஒரு கிழவருடைய போனுக்கு சார்ஜ் ஏறாத காரணத்தைத் தேடப் போனான். அழுகை வந்தது, ஆனால் கிழவர் பக்கத்திலேயே நின்றார்.

திங்கட்கிழமை காலை பசறை பஸ்ஸில் வேலாயி வந்து இறங்கினாள். கூடவே சந்திரகாந்தி, கையில் தாம்பாளத்தில் தேங்காய், வெற்றிலை, கற்பூரம், திருநீறு. கடையில் போனுக்குக் கவர் வாங்க வந்த இரண்டு பேர் ஒதுங்கி வழிவிட்டார்கள். சார்ஜர்கள் தொங்குகிற இடத்துக்குக் கீழே, வேலாயி புவனேந்திரனின் காலில் விழுந்தாள்.

"ஒன்ன தெரியாமப் பேசிட்டேன் சாமி. இந்த நாக்கு அழுகிப்போகும். அந்த ஏஜென்டுப் பயல வராதன்னு சொல்லிட்டேன்."

"எழும்புங்கம்மா, எழும்புங்க," என்று அவன் குனிந்தான். அவள் எழும்பவில்லை. காலை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லிரு சாமி. ஆயுசுக்கும் இவ போகக் கூடாதா? இல்ல, இத்தன வருஷந்தான்னு கணக்கு இருக்கா? புள்ளயக் கட்டிக் குடுக்கணும், வீடு ஒழுகுது. நான் என்ன பண்ணட்டும்?"

கேட்டது பேராசையால் இல்லை என்பது அந்தக் குரலிலேயே தெரிந்தது. புவனேந்திரன் சந்திரகாந்தியைப் பார்த்தான். அவள் தாம்பாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஆயுசுக்கும் என்று சொல்லிவிடலாம், ஒரு சொல்தான். ஆனால் அந்தச் சொல்லும் அவனுடையதாக இருக்குமே தவிர அவளுடையதாக இருக்காது. நாளைக்கு அவளே போக நினைத்தாலும், அதற்கும் ஒரு சாமியைத் தேட வேண்டியிருக்கும்.

மூச்சை அடிவயிற்றுக்கு இறக்கினான். ஆறு வருடமாக உறுமாத தொண்டை. போகிறவர் வருகிறவர் எல்லாம் கேட்கட்டும் என்று உறுமினான்.

"அவளக் கேளு."

வேலாயி நடுங்கிப் போய் எழுந்தாள். மருமகள் பக்கம் திரும்பினாள். மகனுக்குக் கல்யாணமாகிப் பதினைந்து வருடத்தில் அவள் அப்படித் திரும்பியது அதுதான் முதல் தடவை.

"நீ என்னம்மா சொல்ற?" என்றாள்.

சந்திரகாந்தி தாம்பாளத்தை மேசையில் வைத்தாள்.

"எனக்குப் போக விருப்பமில்ல மாமி. அப்பவும் விருப்பமில்ல."

வேலாயி அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"இத அப்பவே சொல்லியிருக்கலாமேடி," என்றாள்.

சந்திரகாந்தி திருநீற்றுக் கிண்ணத்தை எடுத்து, மாமிக்குப் பூசிவிடட்டும் என்று புவனேந்திரனுக்கு எட்டுகிற தூரத்தில் தள்ளி வைத்தாள்.